பழைய கேட்டலினா 22 பாய்ப்படகு: வாங்குவது முதல் வீட்டுக்குத் திரும்ப இழுத்து வருவது வரை

சனிக்கிழமை காலை அமெரிக்காவின் வட கரோலைனாவில் உள்ள ஜோர்டன் ஏரியில், படகை இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில் (எல்லோரும் ராம்ப் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்) ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். புதிதாகப் பாய்ப்படகு வாங்கியவர் யார் என்று தெரிந்துவிடும். பாய்மரம் பாதி எழுந்து நிற்கும், ஏதோ ஒரு கம்பி எங்கோ மாட்டியிருக்கும், பின்னால் நான்கு மீன்பிடிப் படகுகள் காத்திருக்கும். அதே ஆள் ஏரிக்குள் போய்விட்டால் நன்றாகவே ஓட்டுவார். சிக்கல் முழுக்கக் கரையில்தான், அதுவும் முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்வதால்தான் பெரும்பாலும் வருகிறது.

நான் அதே மாநிலத்தில் கேரி என்ற ஊரில் இருக்கிறேன். எட்டு வருடமாக ஒரு பழைய கேட்டலினா 22 வைத்திருக்கிறேன், நண்பர்கள் ஆறேழு பேர் இதே மாதிரி படகு வாங்கியபோது கூடவே நின்றிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்த இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் வேலையை எந்த வரிசையில் செய்வது, ஏன் அந்த வரிசை என்று எழுதி வைக்கிறேன்.

இதில் சொல்வதெல்லாம் சுழலும் கீல் உள்ள கேட்டலினா 22க்கு. கீல் என்பது படகின் அடியில் நீருக்குள் நிற்கும் கனமான இரும்புத் தகடு. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாமலும் கவிழ்க்காமலும் பிடித்துக்கொள்வது அதுதான். இந்தப் படகில் அது 550 பவுண்டு வார்ப்பிரும்பு. மேலே ஏற்றினால் படகுக்கு இரண்டடித் தண்ணீர் போதும், கீழே இறக்கினால் ஐந்தடி வேண்டும். 1969 முதல் 15,000க்கு மேல் கட்டப்பட்ட படகு என்பதால் உதிரி பாகம் எதுவும் கிடைக்கும். பழைய படகு வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

1. முதலில் உங்கள் காரைப் பாருங்கள்

படகைத் தேடும் முன் உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். படகு, ட்ரெய்லர், மோட்டார், பெட்ரோல், நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால் 3,000 முதல் 3,500 பவுண்டு வரை வந்துவிடும்.

சியன்னா, ஓடிஸி மாதிரி வேன்களுக்கு 3,500தான் எல்லை. ராம்ப் சரிவில் ஈரப் பாசியின் மேல் நின்று இழுக்கும்போது எல்லையில் இருக்கும் வண்டி திணறும். 5,000 பவுண்டு இழுக்கும் பைலட், ஹைலேண்டர் போன்றவை நிம்மதி. சிஆர்வி 1,500 பவுண்டோடு நின்றுவிடும், ராவ்4இலும் பல மாடல்கள் அப்படித்தான், அவற்றை நினைக்கவே வேண்டாம். இதை ஏன் முதல் படியாகச் சொல்கிறேன் என்றால், படகை மலிவாக வாங்கிவிட்டு அதை இழுக்க ஒரு கார் வாங்கியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் கொக்கியின் உருண்டை அளவையும் இப்போதே பாருங்கள். ட்ரெய்லரின் பிடி 2 அங்குலத்துக்கானது, உங்கள் உருண்டை 1 7/8 அங்குலம் என்றால் மாட்டும்போது சரியாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். மாட்டிய பிறகு ட்ரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றிக் காரின் பின்பக்கம் கொஞ்சம் மேலே எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் பிடி உருண்டையை விடவில்லை என்று அர்த்தம்.

2. படகைப் பார்க்கப் போகும்போது

நான் பார்த்தவரை ட்ரெய்லரோடு ஓடுகிற நிலையில் இருக்கும் பழைய கேட்டலினா 22, 2,000 முதல் 5,000 டாலருக்குள் கிடைக்கிறது. உள்ளே மெத்தை புதிதா, பெயின்ட் பளபளக்கிறதா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பணத்தை விழுங்குவது மூன்று இடங்கள்: கீல், தளம் (நாம் நடக்கும் படகின் மேல்பரப்பு), ட்ரெய்லர்.

கீல் படகின் அடியில் ஒரே ஒரு தடித்த பின்னில் (குறுக்கே போகும் உலோகத் தண்டு) தொங்குகிறது, அந்தப் பின்னை இரண்டு வெண்கலப் பிடிகள் தாங்குகின்றன. வருடக்கணக்கில் ஆடி ஆடிப் பின்னும் தேயும், கீலில் உள்ள துளையும் அகலமாகும். தேய்ந்த கீல் இரவு நங்கூரம் போட்டுப் படுத்திருக்கும்போது 'டொக்... டொக்...' என்று அடித்துக்கொண்டே இருக்கும். தூக்கம் போவது ஒரு பக்கம், அந்த அடி ஒவ்வொன்றும் தேய்மானத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. ட்ரெய்லரில் கீல் ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், அதனால் அடியில் படுத்துக்கொண்டு பிடிகளின் போல்ட்டுகளில் துரு வழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் கீலின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். கையில் 'டக்' என்று இடிப்பது தெரிந்தால் பின்னை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்து கம்பி வடம். கேபினுக்குள் இறங்கும் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன வின்ச் (கைப்பிடியால் சுற்றி வடத்தைச் சுருட்டும் உருளை) இருக்கும். அதிலிருந்து ஒரு ஸ்டீல் வடம் ஒரு ரப்பர்க் குழாய் வழியாக அடியில் இறங்கிக் கீலைப் பிடித்திருக்கிறது. வடத்தில் ஒரு இழை அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாலும் அதை நம்பாதீர்கள். வடம் அறுந்தால் 550 பவுண்டு இரும்பு மொத்தமாக விழுந்து, அது தொங்கும் கூட்டையே உடைக்கலாம், படகு முழுகவும் வாய்ப்புண்டு. அந்த ரப்பர்க் குழாயும் கவனிக்க வேண்டியதுதான்: அதற்கும் ஏரிக்கும் நடுவில் வேறு அடைப்பு எதுவும் கிடையாது. குழாயை விரலால் அழுத்தினால் மேலே வெடிப்புத் தெரிந்தால் வாங்கிய அன்றே மாற்றுங்கள். வடம், குழாய், கிளாம்ப் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் வேலை ஒன்றுதான்.

தளத்தைத் தட்டிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பாய்மரம் நிற்கும் இடத்தைச் சுற்றியும், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் தளத்தில் இறங்கும் இடங்களிலும் தட்டுங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், உள்ளே மரம் ஊறிய இடத்தில் மட்டமான சத்தம் வரும். காலால் மிதித்தால் அமுங்கினால் அந்தப் படகை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பழைய படகுகளில் தண்ணீர் வழியும் இடத்தில் திருகு வால்வு இருக்கும். திருகிப் பாருங்கள், பாதியில் சிக்கினால் அதையும் கணக்கில் எடுங்கள்.

ட்ரெய்லர் டயரில் கோடு ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இவை ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே கெடுகின்றன. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆவது வாரம். ஆறு வயதைத் தாண்டியதென்றால் மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு இழுப்பேன்.

3. காகிதமும் கட்டாயப் பொருட்களும்

படகுக்கு ஒரு காகிதம், ட்ரெய்லருக்கு வேறொரு காகிதம். விற்பவர் படகின் காகிதத்தைக் கொடுத்துவிட்டு 'ட்ரெய்லருக்கு எதுவும் இல்லை, பிரச்சினை வராது' என்பார். பணம் கொடுக்கும் முன்பே இரண்டையும் கேளுங்கள், ட்ரெய்லர் எண்ணைச் சட்டத்தில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள்.

வட கரோலைனாவில் 14 அடிக்கு மேலான பாய்ப்படகை மாநில வனவிலங்கு வள ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேல் மோட்டார் உள்ள படகை ஓட்டப் பாதுகாப்புப் பாடம் படித்திருக்க வேண்டும். இந்தப் படகுக்கு 4 முதல் 6 குதிரைத்திறன் போதும், ஆகவே சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. இருந்தாலும் படியுங்கள். எதிரே வரும் படகுக்கு எந்தப் பக்கம் வழிவிடுவது என்பதை ஏரியில் வைத்துக் கற்றுக்கொள்ள முடியாது.

ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, எறிவதற்கு ஒரு மிதவை, விசில், தீயணைப்பான். 13 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் படகு ஓடும்போது சட்டையைப் போட்டே இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். என் படகில் பெரியவர்களும் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

4. வீட்டு வாசலில் ஒருமுறை

பாய்மரத்தை முதன்முதலாக ஏரிக்கரையில் தூக்காதீர்கள். காற்று, கூட்டம், அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாளில் வீட்டு வாசலிலேயே தூக்கி இறக்குங்கள்.

அதற்கும் முன்னால் அண்ணாந்து பாருங்கள். மேலே மின்கம்பி போகிறதா? நிமிர்ந்த பாய்மரம் தரையிலிருந்து முப்பது அடியைத் தாண்டும், அலுமினியம் வேறு. கம்பி இருக்கும் தெருவில் தூக்கவே கூடாது, வேறு இடம் தேடுங்கள். ஏரிக்கரையிலும் இதே விதிதான்: வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை வானத்தைப் பார்ப்பது, நிமிர்த்திய பிறகு ராம்ப் வரைக்கும் போகும் வழியையும் பார்ப்பது.

வாசலில் செய்யும்போது ஒவ்வொரு கம்பிக்கும் நிற டேப் ஒட்டுங்கள். இடது பக்கத்துக்கு சிவப்பு, வலது பக்கத்துக்குப் பச்சை. அவிழ்த்துக் கட்டும்போது குழம்பும் ஆறு கம்பியும் இதோடு தெளிவாகிவிடும்.

5. கிளம்பும் முன்

காற்று எவ்வளவு என்று பாருங்கள். முதல் பத்து ஓட்டத்துக்கும் 10 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வேகத்துக்குள், அதாவது மணிக்கு பதினொன்றரை மைலுக்குள் இருக்கட்டும். போன் ஆப் பெரும்பாலும் மைலில் காட்டும், மாலுமிகள் நாட் கணக்கில் பேசுவார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோடையில் இங்கே மதியத்துக்கு மேல் இடிமழை திரண்டு வரும். ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலையில் போய் ஒரு மணிக்குள் கரையேறிவிடுவது என் பழக்கம். அந்த மாதங்களில் காற்றும் சோம்பல்தான். ஏப்ரல், மே, அக்டோபர்தான் இந்த ஏரியின் நல்ல மாதங்கள்.

ஏரியின் நீர்மட்டத்தையும் பாருங்கள். ஜோர்டன் ஏரி வெள்ளத்தைத் தேக்கக் கட்டியது, அதன் வழக்கமான மட்டம் கடல் மட்டத்திலிருந்து 216 அடி. அதிலிருந்து ரொம்பக் கீழே இறங்கியிருந்தால் ராம்பின் கான்கிரீட் முடியும் இடத்தைத் தாண்டி ட்ரெய்லர் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும்.

பத்து மைல் ஓட்டியதும் ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் நடுக்கூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் கிரீஸ் இல்லாமல் ஓடுகிறது. அதற்கு மேல் ஓட்டினால் சக்கரமே கழன்று போகும்.

6. பாய்மரத்தை நிமிர்த்துதல்

இதை ராம்பில் நின்று செய்யவே கூடாது. தள்ளி, நிறுத்துமிடத்தில் செய்யுங்கள். அதற்கு இரண்டு காரணம். பின்னால் இருப்பவர்களைக் காக்க வைக்காமல் இருப்பது ஒன்று. இன்னொன்று சக்கரக் கூடு: சூடாக வந்த கூட்டைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக ஏரித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் நிதானமாகப் பாய்மரம் ஏற்றும் நாற்பது நிமிடத்தில் அது தானாக ஆறிவிடும்.

வரிசை இதுதான். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், கார் மாட்டியபடியே இருக்கட்டும். கேபின் மூடியை இழுத்து மூடுங்கள், அதன்மேல் நடக்கப் போகிறீர்கள். பாய்மரத்தைப் பின்னால் உருட்டி, அடிப்பகுதி அது நிற்கும் அடித்தட்டுக்கு வந்ததும், அங்கே அது மடங்கித் திரும்பும் போல்ட்டைப் போட்டு நட்டை மாட்டுங்கள். பின்பக்கக் கம்பி, இரண்டு உயரக் கம்பிகள், பின்னால் இறங்கும் இரண்டு கீழ்க் கம்பிகள், இந்த ஐந்தையும் மாட்டுங்கள். இவை பாய்மரம் படுத்திருக்கும்போது தளர்ந்தே இருக்கும். முன்னால் இறங்கும் இரண்டு கீழ்க் கம்பிகளை மட்டும் மாட்டாதீர்கள், அவை படுத்த நிலையில் எட்டாது. பாய் ஏற்றும் கயிறுகள் எல்லாம் கம்பிகளுக்கு உள்பக்கம் இருக்கின்றனவா என்று ஒருமுறை நுனி வரை பாருங்கள்.

தூக்குவதற்கு ஆறடி நீளத்தில் ஒரு தடித்த குழாயோ மரக்கட்டையோ போதும். அதன் ஒரு முனை பாய்மரத்தின் அடியில் முட்டி முன்னோக்கி நிற்கட்டும், மறுமுனையில் முன்பாய் ஏற்றும் கயிற்றைக் கட்டுங்கள். அதே முனையிலிருந்து மெயின்ஷீட்டின் (பெரிய பாயை இழுத்தும் விட்டும் கட்டுப்படுத்தும் கயிறு) கப்பியைப் படகின் முன்நுனிக்கு மாட்டி இழுத்தால் பாய்மரம் அமைதியாக எழும். கையாலேயே இரண்டு பேர் தூக்கலாம், நிறைய பேர் தூக்குகிறார்கள். ஆனால் நடுவில் காற்று ஒரு தள்ளுத் தள்ளினால் பிடித்து நிறுத்த வழியில்லை, கப்பி இருந்தால் கயிற்றைக் கட்டிவிட்டு யோசிக்கலாம். ஒருவர் பாய்மரத்தோடு நின்று பக்கவாட்டில் சாயாமல் தாங்க வேண்டும், பாதி உயரத்தில் அது ஒரு பக்கம் சாயப் பார்க்கும்.

இனி நான் அதிகம் பார்த்த தவறு. பக்கக் கம்பியை இறுக்கும் டர்ன்பக்கிள் தளத்தில் ஒரு கண்ணியில் மாட்டியிருக்கிறது. பாய்மரம் படுத்திருக்கும்போது அது துவண்டு விழுந்து, ஏதாவது ஒரு கோணத்தில் கண்ணிக்குக் குறுக்கே சிக்கிக்கொள்ளும். பாய்மரம் எழ எழக் கம்பி இறுகும், சிக்கிய டர்ன்பக்கிள் நிமிர முடியாமல் அதன் திருகுக் கம்பி வளைந்துவிடும். போன வருடம் நான் கப்பியை இழுத்துக்கொண்டிருந்தேன், முக்கால் உயரத்தில் கொஞ்சம் கனம் கூடியது, இன்னும் பலமாக இழுக்கப் போனேன். தரையில் நின்ற தம்பி ஒருவர், "அண்ணா, நிறுத்துங்க, இடது பக்கம் ஒண்ணு மடங்கி நிக்குது" என்றார். இறங்கிப் பார்த்தால் அதன் திருகு வாழைப்பழம் மாதிரி வளையத் தொடங்கியிருந்தது. கனம் கூடுகிறது என்றால் எங்கோ சிக்கியிருக்கிறது. இழுப்பதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு டர்ன்பக்கிளாகப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நிமிர்ந்ததும் முன்கம்பியை மாட்டி அதன் பூட்டுப் பின்னைப் போடும் வரை கப்பியை விடக்கூடாது. அதற்குப் பிறகுதான் முன் கீழ்க் கம்பிகள் இரண்டும். ஒவ்வொரு பின்னிலும் வளையம் போட்டிருக்கிறதா என்று விரலால் தொட்டு எண்ணுங்கள், கண்ணால் பார்ப்பது போதாது. கடைசியாகப் பாய்மரத்தின் பின்பக்கப் பள்ளத்தில் கண்ணை வைத்து மேலே பாருங்கள், நேராக இருக்க வேண்டும். உயரக் கம்பிகள் நன்றாக இறுக்கமாகவும் கீழ்க் கம்பிகள் அதைவிடக் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கட்டும்.

7. ராம்பில்

ராம்புக்கு நகரும் முன் ஐந்து வேலை. கட்டு வார்களை அவிழ்க்க வேண்டும், ஆனால் முன்நுனியைப் பிடித்திருக்கும் வின்ச் வாரை மட்டும் விட்டுவைக்க வேண்டும். விளக்கு ஒயரைப் பிடுங்க வேண்டும். படகின் முன்னும் பின்னும் ஒவ்வொரு நீளக் கயிறு கட்ட வேண்டும். சுக்கானை மாட்ட வேண்டும், அது மேலே தூக்கியே இருக்கட்டும். ஐந்தாவது, கீல் வின்ச்சைச் சுற்றிக் கீலை முழுதும் மேலே ஏற்ற வேண்டும்.

அந்த ஐந்தாவதை மறப்பவர்கள் அதிகம். ட்ரெய்லரில் கீல் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து, வடம் தளர்ந்து இருக்கும், இருக்கவும் வேண்டும், சாலையின் குலுக்கல் எல்லாம் வடத்துக்குப் போகக்கூடாது என்பதற்காக. ஆனால் அதே நிலையில் படகை மிதக்க விட்டால் படகு பின்னால் நகர, கீல் சட்டத்தைத் தாண்டியதும் தொங்கி அதன் பின்னால் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். அப்புறம் படகு போகவும் போகாது, ட்ரெய்லர் வரவும் வராது.

மெதுவாகப் பின்னால் இறக்குங்கள். பின்பக்கம் மிதக்கத் தொடங்கியதும் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, வின்ச் வாரை அவிழ்த்து, கயிற்றைப் பிடித்தபடி தள்ளுங்கள். இந்தப் படகு ட்ரெய்லரில் உயரமாக உட்காருவதால் சாதாரண மோட்டார் படகைவிட ஆழம் வேண்டும். காரின் பின்சக்கரம் தண்ணீரில் இறங்கும் நிலை வந்தால் ட்ரெய்லர் கொக்கிக்கு நீட்டிப்புக் கம்பி போட வேண்டியிருக்கும். படகைப் படித்துறையில் கட்டியதும் கேபினுக்குள் எட்டி அந்த ரப்பர்க் குழாயைப் பாருங்கள், சொட்டுகிறதா என்று. சொட்டினால் ட்ரெய்லர் இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது, திரும்ப ஏற்றிவிடலாம்.

8. கீலை இறக்குதல்

மோட்டாரில் ஆறேழு அடி ஆழத்துக்குப் போனதும் சுக்கானை இறக்குங்கள், கீலை இறக்குங்கள். வின்ச் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொரு சுற்றாக. நடுவில் கைப்பிடியை விட்டுவிட்டால் அது காற்றாடி மாதிரிச் சுழலும், பிடிக்கப் போன விரல் உடையும். விட்டுவிட்டீர்கள் என்றால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள், கீலுக்கு ஆவது ஆகட்டும்.

சில படகுகளில் கீலை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பக்கப் போல்ட் உண்டு. இறக்கிய பிறகு இறுக்கினால் அந்த 'டொக் டொக்' குறையும். ஆனால் மேலே ஏற்றும் முன் அதைத் தளர்த்த மறந்தால் எல்லாப் பலமும் வடத்தில் போய் வடம் அறுந்துவிடும். வின்ச் கைப்பிடியில் 'போல்ட்?' என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஐந்து நாட் வேகத்தை நெருங்கும்போது அடியிலிருந்து ஒரு ரீங்காரம் வரும். பயப்படாதீர்கள், தண்ணீரில் வடம் அதிரும் ஓசை அது. என் மகளுக்கு அந்த ஓசைதான் படகிலேயே பிடித்த விஷயம். அது கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வாள்.

9. பாய் ஏற்றி ஓட்டுதல்

மோட்டார் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, படகின் முன்நுனி காற்றைப் பார்த்து நிற்கட்டும். முதலில் பெரிய பாய். அது ஏறும்போது மெயின்ஷீட் கயிறு தளர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாய் காற்றைப் பிடித்துப் படகைத் திருப்பிவிடும், பாய் பள்ளத்தில் சிக்கிப் பாதியில் நிற்கும். பிறகு முன்பாய். மோட்டாரை உடனே அணைக்காதீர்கள், இரண்டு பாயும் இழுக்கத் தொடங்கி சுக்கான் கையில் உயிரோடு இருப்பது தெரிந்த பிறகு அணையுங்கள்.

படகு சாயும். 15 டிகிரி வரை சாய்வது இதன் இயல்பு, கீல் பிடித்துக்கொள்ளும். புதியவர் செய்யும் தவறு, சாயும்போது சுக்கானை இறுக்கிப் பிடித்துப் போராடுவது. கையிலிருக்கும் மெயின்ஷீட்டை ஒரு முழம் விட்டால் படகு தானாக நிமிரும், அதனால் முதல் நாட்களில் மெயின்ஷீட்டை எங்கும் நிரந்தரமாகக் கட்டி வைக்காதீர்கள். சுக்கான் தொடர்ந்து உங்களை எதிர்த்து இழுக்கிறது என்றால் பாய் அதிகம் என்று படகு சொல்கிறது. காற்று 12 நாட் வேகத்தைத் தாண்டும்போதே பெரிய பாயைச் சுருக்கிவிடுங்கள். 'சுருக்கலாமா' என்ற நினைப்பு வந்த அந்த நிமிடமே அதற்கான நேரம், பத்து நிமிடம் கழித்தால் அதே வேலை இரண்டு மடங்கு கடினம்.

சுருக்கும் வரிசை: மெயின்ஷீட்டை விடு, பாய்க் கயிற்றை இறக்கு, முன்மூலையைக் கொக்கியில் மாட்டு, பாய்க் கயிற்றை மறுபடி இறுக்கு, கடைசியாகப் பின்மூலைக் கயிற்றை இழு. பின்மூலையை முதலில் இழுத்தால் பாயில் குறுக்கே மடிப்பு விழுந்து கிழியத் தொடங்கும்.

10. நங்கூரம் போட்டுச் சாப்பிடுதல்

படகு வைத்திருப்பதன் பாதி இன்பம் இதில்தான். காற்று படாத ஒரு வளைவில், எட்டடி ஆழத்தில் நங்கூரம். ஆழத்தோடு படகின் முன்நுனி உயரத்தையும் சேர்த்து, அதன் ஏழு மடங்கு கயிறு விடுங்கள். பத்தடி என்றால் எழுபது அடி. கயிறு குறைந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும், நீளமாக இருந்தால் மண்ணோடு கிடையாக இழுத்து அழுத்தமாகப் புதையும். மோட்டாரில் மெதுவாகப் பின்னால் போய் ஒரு இழு இழுத்துப் பாருங்கள், கரையில் இரண்டு மரங்களை ஒரே நேர்கோட்டில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு கலையாத வரை நங்கூரம் பிடித்திருக்கிறது.

அப்புறம் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், மோர். அடுப்பு பற்ற வைக்கும் சாப்பாட்டை முதல் வருடம் விட்டுவிடுங்கள். ஜோர்டன் ஏரியில் வெண்தலைக் கழுகுகள் நிறைய உண்டு. சத்தமில்லாமல் நின்றால் முப்பது அடி தூரத்தில் இறங்கி மீனைத் தூக்கும், மோட்டார் படகில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைப்பதில்லை.

11. திரும்ப ஏற்றுதல்

பாயை ஏரியிலேயே இறக்கிக் கட்டுங்கள். படித்துறைக்கு வருமுன் ஆறடி ஆழத்திலேயே கீலை முழுக்க மேலே ஏற்றுங்கள், சுக்கானைத் தூக்குங்கள். கீல் கீழே இருக்கும்போதே ராம்பை நெருங்கினால் அது கான்கிரீட்டில் இடித்து மேலே துள்ளும், வடம் தளரும். அடுத்த நொடி கீல் சட்டென்று விழுந்து வடத்தை உலுக்கும்.

ட்ரெய்லரின் பின்முனையில் இரண்டு பக்கமும் நிமிர்ந்த பிளாஸ்டிக் குழாய்க் கம்பங்கள் கட்டியிருந்தால் படகு நடுவில் வந்து உட்காரும். அவை இல்லாமல் பக்கக் காற்றில் ஏற்றுவது எனக்கு இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது. முப்பது டாலர் வேலை, இந்த வாரமே செய்யுங்கள். வின்ச் வாரை மாட்டி முன்நுனி ரப்பர் கட்டையில் முட்டும் வரை சுற்றிய பிறகு மெதுவாக ஏறுங்கள். சரிவில் ஏறும்போது படகு ஓரிரு அங்குலம் பின்னால் நகரும், சமதரையில் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

நிறுத்துமிடத்துக்கு வந்ததும் வேறு எந்த வேலைக்கும் முன்னால் கீலைச் சட்டத்தின் மேல் இறக்கி வடத்தைத் தளர விடுங்கள். களைப்பில் இது மறந்துபோகும், அதனால்தான் முதலில். பிறகு பாய்மரம், ஏற்றியதற்கு நேர் எதிர் வரிசையில்: கப்பியை மாட்டி இறுக்கிய பிறகே முன்கம்பியின் பின்னை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் மறுபடி வானத்தைப் பாருங்கள். காலையில் நிறுத்திய இடத்திலேயே மாலையிலும் நிறுத்தியிருப்பீர்கள் என்று சொல்ல முடியாது.

12. வீட்டுக்கு வந்த பிறகு

மோட்டாரின் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குளிர்ச்சிக்குக் குழாய் மாட்டி, தானாக அணையும் வரை ஓட விடுங்கள். இங்கே பம்ப்பில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, ஒரு மாதம் கார்புரேட்டரில் தங்கினால் பசையாகிவிடும். அடுத்த முறை ராம்பில் மோட்டார் கிளம்பாததற்கு பத்தில் எட்டு முறை இதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

பாய் ஈரமாக இருந்தால் கார் ஷெட்டில் விரித்துக் காய வையுங்கள். தார்ப்பாய் போடும்போது படகின் நடுவில் கூரை மாதிரி உயரம் கொடுத்து, இரண்டு முனையிலும் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். இறுக்கி மூடிய படகுக்குள் ஒரே மாதத்தில் பூஞ்சை வரும்.

வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில், சக்கரப் பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் போடுகிறேன், கீல் வடத்தை ஒரு பழைய துணியால் முழு நீளமும் உருவிப் பார்க்கிறேன். அறுந்த இழை இருந்தால் துணியில் நூல் மாட்டும். எங்கே மாட்டுகிறதோ அந்த வடம் அன்றே மாற வேண்டியது.